பத்து ஐம்பதுக்குள்

"மறுபடியும் வைக்கவும்," என்றது சுவரில் மாட்டியிருந்த, வருகையைப் பதியும் பஞ்சிங் மெஷின்.

நாகஜோதி கட்டுப் போட்ட வலது கையை இன்னொரு தரம் அதன்மேல் வைத்தாள். மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைத் துணி. மெஷினுக்குத் தெரிந்ததோ அவளுடைய வலது கட்டைவிரல் மட்டும்தான். அது செவ்வாய்க்கிழமையோடு போய்விட்டது.

"மறுபடியும் வைக்கவும்."

விஜயராணிக்கு மனசு குளிர்ந்தது. வை, இன்னும் பத்துத் தரம் வை, நேரம் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பனியன் கம்பெனியில் ஆட்களின் வருகைப் பதிவைப் பார்க்கிறவள் அவள்தான். ஹெல்பராக வந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், கொடுத்து வைத்தவள் என்று கீழே மெஷின் ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள்.

இன்று வியாழக்கிழமை, சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து முப்பத்தெட்டு. பத்து ஐம்பது ஆனால் போதும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐம்பதுக்குத்தான் துணியை அழுத்திச் சுருக்கும் காம்பாக்டிங் மெஷினின் சூடான உருளைகள் துணியோடு சேர்த்து நாகஜோதியின் கையையும் இழுத்துக்கொண்டன. அடிபட்டவர் நாற்பத்தெட்டு மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதியே ஆக வேண்டும். எழுதினால் ஆய்வாளர் வருவார். வந்தால், உருளைக்கு முன்னால் இருக்க வேண்டிய கம்பித் தடுப்பு எங்கே என்று கேட்பார். அது இருந்தால் வேலை ஓடவில்லை என்று கழற்றி ஐந்து வருடமாகிறது. ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கிறது.

அதற்குள் நாகஜோதி வந்து விரலை வைத்துவிட்டால் எழுத வேண்டியதில்லை. அடிபட்டவள்தான் வேலைக்கு வந்துவிட்டாளே, அப்புறம் என்ன விபத்து?

மேலாளர் பொங்கியண்ணன் சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை. சட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து நிற்கிற ஆள். காலையிலேயே கம்பெனிக் காரைப் பல்லடம் ரோட்டில் இருக்கும் லைன் வீட்டுக்கு அனுப்பி, நாகஜோதியை அலுங்காமல் குலுங்காமல் கூட்டி வந்திருந்தார். காபிகூட வாங்கிக் கொடுத்தார், பாவம், நல்ல மனுஷன்.

ஆய்வாளருக்குப் போக வேண்டிய படிவம் விஜயராணியின் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. செவ்வாய்க்கிழமையே உட்கார்ந்து நிரப்பிவிட்டாள். டைப் அடிப்பதில் அவள் நிதானம்தான், ஒரு பக்கத்துக்கு முழு மத்தியானமும் பிடித்தது. நேரம், மெஷின், தடுப்பு இல்லாதது, எதையும் விடவில்லை. அனுப்பத்தான் வழியில்லை. பட்டனை அழுத்தினால் ஓடிபி பொங்கியண்ணனின் போனுக்குத்தான் போகும்.

ஆனால் பத்து ஐம்பது தாண்டிவிட்டால் அவரே அனுப்பியாக வேண்டும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் இரண்டு நாளாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு விரலைப் புதிதாகப் பதியச் சொன்னார் பொங்கியண்ணன்.

அதற்கு மெஷினில் ரகசிய நம்பர் போட வேண்டும். தினமும் நாலு பேரைப் பதிகிற விஜயராணி, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தப்பாகப் போட்டாள். மறுபடியும் தப்பாகப் போட்டாள். பத்து நாற்பத்திரண்டு.

நாகஜோதி பதறிப்போனாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

"சீக்கிரம் போடுங்கக்கா. விரல் வைக்கலன்னா வேலை போயிரும்னு கார்ல வரும்போதே சொன்னாவ."

அடி பைத்தியக்காரி, நீ வைக்காமல் இருந்தால்தான் நஷ்ட ஈடு கேட்க உனக்கு ஒரு நாதி உண்டு என்று விஜயராணிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. காருக்குள் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வேலைக்கு ஒன்றும் ஆகாது, இனி மெஷின் பக்கமே போக வேண்டாம், ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார வைக்கிறோம். ஒரு வார்த்தை விடாமல் தெரியும்.

மூன்றாம் தரமும் தப்பாகப் போட்டாள். பத்து நாற்பத்தைந்து.

பொங்கியண்ணன் கோபப்படவில்லை. அவர் யாரிடமும் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, நம்பர் மறந்து போச்சுங்களா? உடுங்க, நான் போடறன். உங்க கை அந்த மெஷின்ல போனப்ப நாம எந்த விரலைப் பதிஞ்சமோ, அதையே இந்தப் புள்ளைக்கும் வைங்க."

அவரே நம்பரைப் போட்டார். நாலு வருடத்துக்கு முன்னால் போட்ட அதே நம்பர்.

விஜயராணி வலது பக்கம் தொங்கவிட்ட துப்பட்டாவை விலக்காமல், இடது கையை மட்டும் நீட்டினாள். நாகஜோதியின் இடது ஆள்காட்டி விரலைப் பிடித்து மெஷினில் வைத்தாள். மூன்று தரம் அழுத்த வேண்டும். மூன்று தரமும் அழுத்தினாள்.

"நன்றி," என்றது மெஷின்.

மணி பத்து நாற்பத்தேழு.

நாகஜோதிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

அதைத்தான் விஜயராணியால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு இதே இடத்தில் நின்று, வேலை போகவில்லை என்று, அவளும் இப்படித்தான் சிரித்தாள்.