சத்தம் நின்றால் போகலாம்

"எங்கம்மா காம்பரா வாசல்ல வச்சா இது கத்துதுங்கண்ணே. கத்தாமப் பண்ணிக் குடுங்க" என்று சொல்லி, கையடக்கமான ஒரு பெட்டியை மேசையில் வைத்தாள் சுதர்ஷினி.

நோர்வூட் பஸ் நிலையத்துக்கு எதிரே கைப்பேசி திருத்தும் கிளைவுக்குப் பெட்டியைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு முன்னால், பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கென்று இதே பிள்ளை இதை உதிரிப் பாகங்களாகக் கொண்டுவந்தபோது, அவன்தான் ஈயம் வைத்துப் பொருத்திக் கொடுத்தான். கதிர்வீச்சு எங்கே இருந்தாலும் 'டிக் டிக்' என்று காட்டிக்கொடுக்கும் பெட்டி அது.

"கத்துறதுக்குத்தானே தங்கச்சி இதச் செஞ்சதே. ஊமையாக்கிட்டா அப்புறம் எதுக்கு?"

சுதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அம்மா ராசம்மாவுக்குத் தொண்டையில் புற்று. கொழும்பில் ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்து, அது உடம்பில் இருக்கும்வரை கதிர் வீசும், மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளைக்கு, யாரும் கிட்டே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அம்மாவை லயத்து வீட்டின் உள் அறையான காம்பராவில் விட்டுவிட்டு, தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை பார்க்கும் அப்பா பொன்னையா வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் பாய் விரித்துக்கொண்டார். மகள் அடுத்த லய வரிசையில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனாள். போகும்போது இந்தப் பெட்டியை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

"சத்தம் நின்னா உள்ள போகலாம்ப்பான்னு சொன்னது நான்தாங்கண்ணே."

உயர்தர வகுப்பில் படிக்கிற மகள் வாயிலிருந்து வருவதெல்லாம் பொன்னையாவுக்கு வேதவாக்கு. அன்றிலிருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்போது வேலைக்கும் போவதில்லையாம். அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்துத்தான் இதை எடுத்து வந்திருக்கிறாள்.

கிளைவ் பெட்டியை அவள் பக்கமே தள்ளினான். வாயாடிதான் என்றாலும் பழிபாவத்துக்கு அஞ்சுகிறவன். விவரம் தெரியாத ஒரு மனிதரை ஆபத்துக்குள் தள்ளிவிட அவன் மனம் ஒப்பவில்லை.

"மூணு கிழமையும் எப்பயோ முடிஞ்சிருச்சுங்கண்ணே. இது மட்டும் நிக்க மாட்டேங்குது."

அதைக் கேட்டதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. சிரித்துக்கொண்டே பெட்டியை முடுக்கினான். கடைக்குள்ளேயும் அது விட்டு விட்டு அடித்தது. கல், மண், வானம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கதிர் இருக்கும், ஒருத்தருமே இல்லாத இடத்திலும் இது அடித்துக்கொண்டுதான் இருக்கும் என்று விளக்கினான்.

அது தனக்கும் பிறகுதான் தெரிந்தது என்றாள் சுதர்ஷினி. அப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். முதலில் நீ சொன்னதுதான் சரி, இப்போது எனக்காக மாற்றிப் பேசுகிறாய் என்று அவர் பிடித்த பிடியிலேயே நிற்கிறாராம்.

"அம்மாவுக்குச் சாப்பாடெல்லாம்?"

"வேளா வேளைக்கு அப்பா வாசல்லேருந்தே தட்ட உள்ள தள்ளி விடுவாருங்க. வச்சது வச்சபடி இருக்கும்."

அந்த மாதிரி மருந்து நாக்கு ருசியையே கெடுத்துவிடும், கொஞ்சம் எலுமிச்சம்பழ ஊறுகாய் தொட்டுக் கொடுத்தால் தானாகச் சோறு இறங்கும் என்று கிளைவ் வைத்தியம் சொன்னான். அவள் புத்தகப் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சத்தத்தை வேண்டும்போது போட்டு வேண்டாதபோது நிறுத்த ஒரு சுவிட்ச் வைத்துத் தரவா என்று கேட்டான். வேண்டாம், அப்பா திரும்பவும் போட்டுவிடுவார் என்று அவசரமாக மறுத்தாள். பெட்டியின் சின்னத் திரையில் எண் ஓடினால் ஓடட்டும், அப்பா அதைப் பார்க்க மாட்டார், அவருக்குக் காதுதான் கணக்கு என்றாள்.

கிளைவ் ஈயக்கோலைச் சூடாக்கினான். கொரோனா வந்தபோது மனைவி யூஜினாவை அறைக்குள் விட்டுவிட்டு இரண்டு கிழமை இந்தக் கடையில் படுத்தவன் அவன். சாப்பாடு வைக்கப் போகையில் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால், கதவில் கை வைத்தபடி நின்றுவிடுவான். கைக்கெட்டும் தூரத்தில் புருஷன் இருந்தும் ஒரு தொடுதலுக்கு வழியில்லாமல் கிடக்கிற ராசம்மாவை நினைத்தபடியே பெட்டியின் மூடியைக் கழற்றினான். நல்ல காரியம்தான் செய்கிறோம் என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

பலகையைத் திருப்பி, சத்தம் போடும் சின்னக் கறுப்பு வில்லையின் இரண்டு கால்களிலும் ஈயத்தை உருக்கி, அதைக் கழற்றி எடுத்தான். மூடியை முறுக்கிவிட்டுப் பெட்டியை முடுக்கினான். எண் மட்டும் மெல்ல ஏறியது.

சுதர்ஷினி அதை எடுத்துக் காதோடு வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று கிளைவுக்கும் கண் கலங்கியது.

"இன்னைக்கே அப்பாவ உள்ள அனுப்பிரு தங்கச்சி. அம்மா எத்தன நாளா காத்துக் கெடக்காங்களோ. அவரு போய்க் கையப் புடிச்சாலே பாதி நோவு போயிரும்."

அவள் பெட்டியைப் புத்தகப் பைக்குள் வைத்து மூடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள போய்ப் பாத்தாத்தாங்கண்ணே அப்பா நம்புவாரு, அவரு கையாலயே மண்ணு போட்டு அம்மாவப் பொதச்சு ஒரு மாசமாச்சுன்னு."