ஊற்றும் கை

பாட்டில் மூடியில் வைத்த கை திருகவில்லை.

பனிக்கட்டித் தொட்டிக்குள் கண்ணாடிக் குடுவை. உள்ளே அமிலமும் யூரியாவும் சுழன்றுகொண்டிருந்தன. இனி பாட்டிலில் இருக்கும் சிலேன் என்ற திரவத்தை ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கலக்கி, தலைமுடி நுழையும் அளவே துளையுள்ள கண்ணாடி இழைக்குள் ஏற்ற வேண்டும். நாளைக்குள் அது உள்ளேயே உறைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சிலிக்காப் பஞ்சாகிவிடும். ஒரு மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்ட அந்தப் பஞ்சு போதும்.

இதுவரை நாற்பது இழைகள் செய்திருக்கிறாள். நாற்பது முறையும் யோசிக்காமல் ஊற்றியிருக்கிறாள்.

இன்றோடு எட்டு வாரம்.

போன முறை ஆறாவது வாரத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பிறகு ஒவ்வொருவரிடமும், இல்லை என்று திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று அவளும் கணவனும் பேசி வைத்திருந்தார்கள்.

முகமூடி இருக்கிறது. கண்ணாடி இருக்கிறது. ஆவியை உறிஞ்சும் ஃபியூம் ஹூட் ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும், பாட்டிலில் அச்சிட்டிருந்த மண்டையோட்டை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

ஊற்றாவிட்டால் ஆய்வகத்தை நடத்தும் சார் காரணம் கேட்பார்.

ஆடிக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டது.

"தள்ளு."

ஃபர்ஸானா. பக்கத்து மேசைக்காரி. ஓவன் யாருக்கு என்ற சண்டையில் ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள். பத்து நாளாக இவள் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பவள்.

"எவ்வளவு நேரமா அந்த மூடியையே பிடிச்சுட்டு நிப்ப? நீ சிந்தித் தொலைச்சா நான்ல தொடைக்கணும்? போய் அந்த ஜன்னல்கிட்ட உக்காரு. போ."

ஃபர்ஸானா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவள் போய் ஜன்னலருகே உட்கார்ந்தாள். நல்ல காற்று.

ஃபர்ஸானா ஊற்றினாள். கலக்கினாள். சிரிஞ்சில் எடுத்து இழைக்குள் ஏற்றி, இரண்டு முனையையும் அடைத்து, வெதுவெதுப்பான நீர்த்தொட்டிக்குள் மெல்ல இறக்கினாள். முக்கால் மணி நேரம் ஆனது.

சார் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா ஊத்தினது?"

"நான்தான் சார். இவளை நம்பிக் குடுத்தா பாட்டிலே மிஞ்சாது. மார்ச் வரைக்கும் நானே ஊத்துறேன்."

இவ்வளவு இதமாக அவளை யாரும் திட்டியதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண் நிறைந்திருந்ததை சார் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"விடும்மா. அவ எப்பவும் அப்படித்தான்" என்றார். பிறகு ஃபர்ஸானாவின் பக்கம் திரும்பினார்.

"அதென்ன மார்ச் கணக்கு?"

ஃபர்ஸானா தண்ணீரை முழுவேகத்தில் திறந்துவிட்டு, கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

பிரசவத்துக்கு டாக்டர் எழுதித் தந்த தேதி மார்ச் பதினேழு.

யாருக்கும் காட்டாத அந்தச் சீட்டு இன்னும் பீரோவில், புடவைகளுக்கு அடியில்தான் இருக்கிறது.