அலுமாரியின் மறுபக்கம்

வீடு மாறுகிற நாளில், காலை ஏழரை மணிக்கு, வீட்டுக்காரர் றிபாத் காணாமல் போனார்.

"போனில டிங் எண்டு ஒரு சத்தம். திரும்பிப் பார்க்கக்குள்ள ஆள் இல்ல!" என்றாள் மனைவி சுல்பிகா, வாசலில் நின்ற லொறிக்கும் தெருவுக்கும் சேர்த்துக் கேட்கும்படி.

மூத்த மகள் ஸஹ்றாவுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு; வாப்பாவும் உம்மாவும் பின் ஒழுங்கையிலுள்ள சின்ன வீட்டுக்கு. பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். அதற்குள் எல்லாம் வெளியேற வேண்டும், தேக்கு அலுமாரி உட்பட.

"பெட்டி தேடப் போயிருப்பார்," என்றான் சுல்பிகாவின் தம்பி அஸ்ஹர்.

புவியியல் ஆசிரியரான றிபாத்தின் பைத்தியம் அது. யாரோ ஒருவர் சிறிய பெட்டியொன்றை எங்கோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் போனில் போடுவார். கண்டுபிடித்தவர் உள்ளேயுள்ள கொப்பியில் பெயரை எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். புதையல் என்று சொன்னால் றிபாத்துக்குக் கோபம் வரும். புதைப்பது விதிக்கு முரண்.

"ஓபரேசன் செஞ்ச ஆளெண்டு பார்த்தா, ஊர் சுத்த மட்டும் ஏலுமாக்கும்!" என்று அஸ்ஹர் ஆணியில் தொங்கிய பைக்கின் திறப்பை எடுத்தான். அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் மறுபக்கத்துக்கு ஆள் தேடிய நேரம் அது. "நீங்க இரிங்க ராத்தா. நான் போய் ஆளைக் கூட்டிக்கிட்டு வாறன்."

மருதமுனைக் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட பழைய தோணியொன்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் றிபாத்.

"வெக்கமில்லையா மச்சான்? அங்க வீடே லொறியில ஏறுது!"

"நானும் தூக்கத்தான் போனன். உன்ட ராத்தா விட்டாத்தானே? வயித்தில தையல் போட்டு ஆறு கிழமையாச்சு, இன்னும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பார்க்கிறா. நாலு பேருக்கு முன்னால கதிரையில குந்திக்கிட்டு இரிக்க ஏலுமா? அவ குசினிக்குப் போன நேரம் அலுமாரியில கை வைக்கத்தான் பார்த்தன். அப்பதான் இது வந்திச்சு. நம்மட பக்கத்தில முதல் பெட்டி, அஸ்ஹர்! முதல் பேர் என்ட பேரா இரிக்கணும்."

"சரி, கெதியாத் தேடுங்க."

ஐந்தாவது நிமிடம் அஸ்ஹரும் மணலில் முழங்காலிட்டிருந்தான். பத்தாவது நிமிடம், "நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்" என்று வேலையைப் பிரித்தான். இடையில் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கி வந்தான். லொறியைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

ஒன்பதே காலுக்குத் தோணியின் அடியிலிருந்து ஓர் ஐஸ்கிரீம் டப்பா வெளியே வந்தது. மாசிக் கருவாடு மணத்தது.

"எங்கட குசினியில மாசி போட்டு வைக்கிற டப்பா மாதிரி இரிக்கே," என்றார் றிபாத். கொப்பியைத் திறந்தார். கையெழுத்தும் குசினியிலிருந்தே வந்திருந்தது: சுல்பிகாவின் கையெழுத்து.

"முதல் ஆள் நீங்கதான், சந்தோசப்படுங்க. ஸஹ்றாவைக் கொண்டுதான் இதைப் போனில போட வெச்சன். அலுமாரிக்கிட்ட இருந்து உங்களைப் பிரிக்க வேற வழி தெரியல்ல. தையல் விட்டா, நிக்காஹ்வில மாப்பிள்ளைட கையைப் பிடிச்சு மகளைக் குடுக்கிறது ஆரு? ரெண்டாவது பெட்டி திருக்கோவில் கடற்கரையில இரிக்கி. பஸ்ஸில அவசரப்படாம ஆறுதலாப் போங்க."

றிபாத் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"அகலக்கோட்டில மூணு மீற்றர் பிழை," என்றார், கொப்பியில் தன் பெயரை மெதுவாக எழுதியபடி.

"பார்த்தீங்களா மச்சான் எங்கட ராத்தாவை!" என்று அஸ்ஹர் நெகிழ்ந்துபோனான். "திருக்கோவிலுக்கு உங்களைத் தனிய விட ஏலாது. நானும் வாறன்."

"கீழ இன்னும் ஒரு வரி இரிக்கி. அது உனக்கு."

அஸ்ஹர் குனிந்து வாசித்தான்:

"தம்பி அஸ்ஹர், மச்சானைத் தேடிப் போற சாட்டில நீயும் அங்கதான் நிப்பாயெண்டு தெரியும். அலுமாரியில உன்ட பக்கத்தை ஒருத்தரும் தொடல்ல. வா."