காலி லாரி

மணல் தொடங்கும் இடத்தில் லாரியை நிறுத்திய ஓட்டுநர், வண்டி புதையாமல் போக எல்லா டயர்களிலும் காற்றழுத்தத்தை முப்பதுக்கு இறக்கினார். காலி வண்டிக்கு அதுவே தாராளம். ஆனால் பின்டயர்கள் மட்டும் முழுப்பாரம் ஏற்றியதுபோலப் பிதுங்கி நின்றன. காற்றை அளக்கும் கேஜ் அங்கேயும் முப்பதுதான் காட்டியது.

பின்கதவைப் பூட்டியவன் கூட வந்த மச்சினன். அவருக்கு அவன்மேல் சந்தேகம் தட்டியது.

"எனக்குத் தெரியாம என்னத்தடா ஏத்துன?"

"உங்க மேல சத்தியமா ஒண்ணுமில்ல மாமா. வேணும்னா தொறந்து பாருங்க," என்று சீட்டில் இருந்தபடியே சொன்னான் மச்சினன்.

திறந்தார். உள்ளே ஈ காக்கை இல்லை. அவர் பார்க்கப் பார்க்கப் பின்டயர்கள் மெல்ல நிமிர்ந்தன.

"வண்டி ஆடுதே. யாரு மாமா இறங்குனது?" என்றான் அவன் முன்னாலிருந்து.

ஓட்டுநர் கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஓடினார். மச்சினன் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்து முன்டயர் மெல்லப் பிதுங்கிக்கொண்டிருந்தது.