எரிச்சலை விட்ட எருமை

பால் கறக்க வந்தவரின் செல்போனில் யாரோ, "எரிச்சலை விடுங்கள், நிம்மதி தானாக வரும்" என்று பேசிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட பூவாத்தாள் என்ற எருமை அன்றே எரிச்சலை விட்டது. முதல் வேலையாக வாலை ஆட்டுவதை நிறுத்தியது.

முதுகில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி வாலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எருமை வாலை வீசி, ஈக்கள் பறந்தால்தான் அதற்குச் சாப்பாடு.

"ஏன்க்கா, உடம்பு சரியில்லையா?"

"மனசு சரியாயிடுச்சு" என்றது எருமை.

இரண்டு ஈக்கள் காதோரம் உட்கார்ந்து பார்த்தன. ஒன்றும் நடக்கவில்லை. உடனே போய்ச் சம்பந்தி வீட்டாரையும் கூட்டிவந்தன. மத்தியானத்துக்குள் எருமை மேல் ஒரு சந்தையே கூடிவிட்டது.

"இப்படியொரு தங்கமான எருமையைப் பார்த்ததே இல்லை!" என்று ஈக்கள் வாயாரப் புகழ்ந்தன. எருமைக்குப் பெருமை தாங்கவில்லை. அரிப்பும் தாங்கவில்லை.

"அக்கா, ஒரே ஒரு வீச்சு" என்று கெஞ்சியது பட்டினி கிடந்த கரிச்சான்.

"சும்மா இரு. நான் நிம்மதியா இருக்கேன்" என்றது எருமை, பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போது மூக்கு நுனியிலிருந்த குண்டு ஈ ஒன்று பணிவாகக் கேட்டது: "கொஞ்ச நேரம் மூச்சு விடாம இருக்கீங்களாக்கா? குழந்தை இப்பதான் தூங்குது."

எருமை தலையை உதறிய உதறலில் குழந்தை முழித்துக்கொண்டது. வால் சாட்டைபோலச் சுழன்றது. ஈக்கள் கும்பலாகக் கிளம்ப, கரிச்சான் பறந்து பறந்து தின்றது.

"எவ்வளவு நல்ல எருமை! யார் கண்ணு பட்டுச்சோ!" என்று தப்பித்த ஈக்கள் புலம்பிக்கொண்டே போயின.

பூவாத்தாள் சுகமாக அசைபோட்டபடி கண்ணை மூடியது. வால் மட்டும் தூங்கவில்லை.