ஏழடி உயரம்

கோச் ஹார்க்னஸ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோர்டெல் எனக்குப் பிள்ளை மாதிரிம்மா. அதான் பொய் சொல்ல மனசு வரல."

எதிரே மடிக்கணினியோடு மார்லா வெண்டல். தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவள். சிகாகோவிலிருந்து கன்சாஸின் இந்தச் சின்னக் கல்லூரிக்கு வந்ததே அந்த ஏழடிப் பையனுக்காகத்தான்.

"எதிராளி கூடைக்கு எறியற பந்துல ஆட்டத்துக்கு நாலைத் தட்டிவிடறான் கோச். பெரிய காலேஜுங்களோட ஆடினப்பகூட மூணு. இவன் நின்னா கூடைகிட்டயே எவனும் வரமாட்டேங்கறான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"அது அவன் திறமை இல்லம்மா, நான் விரிச்ச வலை. மத்த நாலு பேரும் எதிராளியை இவன் பக்கமே விரட்டுவாங்க. இவன் சும்மா கையைத் தூக்கினா போதும்."

"கூடையை விட்டு வெளியே இழுத்துட்டுப் போனா?"

"நட்டுவெச்ச கம்பம். பயிற்சியில நம்ம குள்ளப் பசங்களே சுத்திட்டுப் போயிடறாங்க. அதெல்லாம் உங்க கணக்குல வருமா? உங்க ஊர் ஆட்டத்துல ஒரே மாசத்துல கிழிச்சுப் போட்டுடுவாங்க."

மார்லா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்களைத் தவிர வேற யாரும் அவனைக் கேட்கல. நாங்களும் விட்டா..."

"தெரியும். அவங்கம்மா விடுதியில கக்கூஸ் கழுவறாங்க. நினைச்சா வயிறு எரியுது. ஆனா வேணாம்னா இன்னைக்கே வேணாம்னு சொல்லிடுங்க. உங்க அணித் தேர்வுலேருந்து அவன் பேரைத் திரும்ப வாங்க இன்னைக்குத்தான் கடைசி; விட்டா அடுத்த வருஷம் காலேஜுக்கும் ஆட முடியாது."

மார்லா கணினியை மூடினாள். "எல்லா கோச்சும் தன் பசங்களை ஆகா ஓகோன்னுவாங்க. உங்களை மாதிரி நேர்மையான ஆளை நான் பார்த்ததே இல்லை சார்." கை குலுக்கிவிட்டுப் பின்வாசல் வழியாகக் காருக்குப் போனாள்.

சற்று நேரத்தில் கோர்டெல் குனிந்து உள்ளே வந்தான். அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். "நான் எப்போ அவங்களைப் பார்க்கணும் கோச்?"

"கிளம்பிட்டாங்கடா."

பையன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "ஏன்? நான் என்ன தப்பா ஆடினேன்?"

ஹார்க்னஸ் எழுந்து வந்து அவன் தோளை அணைத்துக்கொண்டார். "எவ்வளவோ வாதாடினேன்டா, கெஞ்சக்கூட செஞ்சேன். அந்தம்மா மசியல."

அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "எனக்காகக் கெஞ்சினீங்களா கோச்? எங்கப்பா இருந்திருந்தாகூட இப்படிப் பேசியிருக்க மாட்டாரு. பேரைத் திரும்ப வாங்கிட்டு வந்துடறேன்."

காலடிச் சத்தம் மாடிப்படியில் இறங்கும்வரை ஹார்க்னஸ் காத்திருந்தார். அப்புறம் கல்லூரித் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷத்து டிக்கெட்டை விக்க ஆரம்பிங்க சார், பையன் எங்கேயும் போகமாட்டான்."