நாலு விரல்

பேச்சி எறிந்த பந்து வளையத்தின் பின் கம்பியில் மோதி நடுக்கோடு வரை துள்ளி ஓடியது.

கேலரியில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டினார்கள்.

"கை போயிட்டு வே," என்றார் ஆறுமுகச்சாமி. "போன வருஷம் கண்ணை மூடிட்டுப் போட்டாலும் விழும். இந்த வருஷம் பூராவும் பின் கம்பிதான்."

புளியங்குடியில் எலுமிச்சை ஏலம் முடிந்ததும் பஸ் ஏறி, சாயங்காலம் தவறாமல் இந்த மைதானத்துக்கு வந்துவிடுகிறவர். எந்தப் பிள்ளையை எந்த அணி வேலைக்கு எடுக்கும் என்று அவர் சொல்லிவிட்டால், சங்கரன்கோவிலில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

நாளைக் காலை திருநெல்வேலியில் ஒரு வங்கியின் கூடைப்பந்து அணிக்குத் தேர்வு. எடுத்தால் வேலை. கல்லூரி அணியிலிருந்து ஆறு பெண்கள் போகிறார்கள். பேச்சிக்கு இது கடைசி வருஷம். நாளை தேறாவிட்டால் படிப்போடு பந்தும் முடிந்தது.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கடையநல்லூர் சலாவுதீன் கீழே கையைக் காட்டினார்.

"ஜெனிபாவைப் பாரும். போன வருஷம் அவ போட்ட பந்து வளையம் வரைக்கும் வந்தாலே பெருசு. இப்பம் பத்துக்கு எட்டு விழுது. இதுல்லா வே முன்னேற்றம்!"

"ஆளும் வளர்ந்துட்டால்லா."

வளர்ந்துதான் இருந்தாள். தேர்வுக்கு முந்தின நாள் அணியில் ஒவ்வொருத்தியையும் வளையக் கம்பத்தோடு ஒட்டி நிறுத்தி, தலைக்கு நேரே ஆணியால் கீறிவைப்பது இங்கே வழக்கம். சற்று முன்புதான் கீறி முடித்தார்கள். போன வருஷக் கீறலுக்கு மேலே ஜெனிபா நாலு விரல். பேச்சியும் நாலு விரல். ஆறு பேருமே நாலு விரல்.

"ஹாஸ்டல் முட்டை," என்று அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார் ஆறுமுகச்சாமி. அணியில் இரண்டு பேர்தான் ஹாஸ்டல். பேச்சி தினமும் பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வீட்டில் முட்டை வாரத்துக்கு ஒருநாள்.

அடுத்த பந்தும் பின் கம்பி.

"ஏ பேச்சி! கொஞ்சம் தாழ்த்திப் போடு தாயி. நாளைக்கு ஊர் மானத்தை வாங்கிராத!"

அவள் பந்தைத் தரையில் இரண்டு தடவை தட்டினாள். பிறகு கேலரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"தாழ்த்த மாட்டேன், அண்ணாச்சி."

"என்னா வீம்பு! வீம்புக்கு ஒரு அணி இருந்தா இவதான் கேப்டன்."

கேலரி சிரித்தது. ஜெனிபாகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேச்சிக்குக் காது சுட்டது. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ? இந்தக் கேள்வி ஒரு வருஷமாக அவள் கூடவே கிடக்கிறது. அது எழும்போதெல்லாம் செய்வதையே இப்போதும் செய்தாள். கோட்டில் நின்று, போன வருஷம் எறிந்த அதே உயரத்துக்கு, அதே வளைவில் எறிந்தாள்.

டங்.

பந்தை எடுத்துக்கொண்டு, பை கிடந்த கம்பத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். நோட்டை எடுத்தாள். பக்கத்தில், கம்பத்தின் அடியில் இருக்கவேண்டிய போல்ட்டுகளைக் காணோம். போன ஜூனில், பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதுக் கான்கிரீட் போட்டபோது உள்ளே போனவை. தரை உயர்ந்தது. கம்பமும் வளையமும் நின்ற இடத்திலேயே நின்றன.

அன்றைக்கே டேப் வாங்கிவந்து வளையத்தை அளந்தவள் அவள் ஒருத்திதான். இருக்கவேண்டிய பத்து அடிக்கு நாலு விரல் குறைந்திருந்தது. பி.டி. சாரிடம் சொன்னாள். "நாலு விரல்ல என்னட்டி வந்துரப்போகுது?" என்றார். ஜெனிபாவிடம் போன வாரம்கூடச் சொன்னாள். "விழாததுக்கு ஒரு சாக்கு" என்றாள் அவள். மற்ற ஐந்து பேரின் கையும் தாழ்ந்துபோன இந்த வளையத்துக்குப் பழகிப்போயிற்று.

திருநெல்வேலி வளையத்தை அவள் இரண்டு தடவை போய் அளந்துவிட்டு வந்திருக்கிறாள். பத்து அடி. ஒரு நூல் குறையவில்லை.

அன்று எறிந்தவை இருநூறு. கோணலாகப் போனவை முப்பத்தொன்று. அது அவள் தப்பு. அதைத் தனியாக எழுதினாள்.

நேராகப் போய்ப் பின் கம்பியில் மோதியவற்றை, விழுந்தவற்றோடு சேர்த்துக் கூட்டினாள்.